ஹில்குரோவில் இறங்கியவள்

1

கட்டுரை எழுதப் போய்க் கதையில் மாட்டிக்கொண்டேன். ஒரு பத்திரிகையின் கோடை மலருக்கு நீலகிரி மலை ரயிலைப் பற்றி எட்டுப் பக்கம் கேட்டிருந்தார்கள். "பனி, அருவி, குகை, கொஞ்சம் தேயிலை வாசனை. படிக்கிறவனுக்குக் குளிரணும் சார்" என்றார் ஆசிரியர். மேட்டுப்பாளையத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, குளிர வைக்கிற வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் திருக்காட்டுப்பள்ளிக்காரன். எங்கள் பக்கம் நிலம் உயர்ந்தால் வரப்பு உயரம் உயரும். மிஞ்சிப்போனால் காவிரிக்கரை உயரம். மலையை எழுத எனக்குக் கை வரவில்லை.

பக்கத்தில் இருந்தவர் அமிர்தலிங்கம். சொந்த ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், குன்னூரில் வாத்தியார் வேலை. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி ஹில்குரோவில் நின்றபோது பிளாட்பாரத்தைக் காட்டினார்.

"எங்க பெரியம்மா இங்கதான் சார் இறங்கிருச்சு."

"பாதி மலையிலயா?"

"ஆமா. ஊட்டியைக் கடைசி வரைக்கும் பாக்கவே இல்லை."

"ஏன் இறங்கினாங்க?"

"அது நிலத்து விவகாரம் சார். எழுபத்திரண்டுல. செவ்வந்தின்னா அப்ப எங்க பக்கத்துல—"

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு அவருடைய சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, பேச்சு குரங்கைப் பற்றியதாக மாறிவிட்டது. குன்னூரில் இறங்கிப் போய்விட்டார். ஆக என்னிடம் இருப்பது ஒரு பெயர், ஒரு ஸ்டேஷன், ஒரு வருஷம். மற்றதெல்லாம் நான் போட்டது. ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

2

முதல் முயற்சி:

நீல மலைகள் பனிப்போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்த அந்த இனிய காலைப் பொழுதில், செவ்வந்தி என்னும் ஏழைப் பெண்—

மலை உறங்கினால் உறங்கட்டும். செவ்வந்தி உறங்கவில்லை. முந்தின நாள் ஊரில் ஏறியதிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி, ஒரு டிரங்குப் பெட்டியையும் இரண்டு கூடைகளையும் காவல் காத்துக்கொண்டு வந்தவள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சி:

நில உச்சவரம்பு பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து, கீழத்தஞ்சைப் பகுதியில் மிகுதி நிலங்களைக் கண்டறியும் பொருட்டு—

இது தாசில்தார் கச்சேரியிலிருந்து வந்த ஓலை. ஆனால் விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. புது ஆட்சி சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மிச்சத்தை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்றது. பெரிய பண்ணைக்காரர்கள் சட்டத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுக்காரன், வண்டிக்காரன், கோயில் சாமி என்று கிடைத்த பெயரிலெல்லாம் நிலத்தை எழுதிவைத்தார்கள். பினாமி. அந்தப் பெயர்க்காரர்களில் பல பேருக்குத் தாங்கள் நிலக்காரர்கள் என்பதே தெரியாது.

மூன்றாவது முயற்சி. இது நிற்கும் போலிருக்கிறது:

புதுச் சேலை கட்டியதிலிருந்தே செவ்வந்திக்கு மனசு சரியில்லை.

பண்ணையில் பொங்கலுக்குத்தான் சேலை கொடுப்பார்கள். இது வைகாசி. பண்ணைக்காரர் தியாகராசன் வீட்டுக் கொல்லையில், மாட்டுத் தொழுவத்தில் வேலையாக நின்றவளிடம் அவரே வந்து கொடுத்தார். "அம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. டாக்டர் குளிர்ச்சியான ஊர்ல கொஞ்ச நாள் இருக்கச் சொல்றார். பொட்டி தூக்க, துணி துவைக்க ஒரு ஆள் வேணும். நீ போயிட்டு வா. ஊட்டி! உங்க தெருவுல எவ பாத்திருக்கா?"

அவளுடைய புருஷன் செல்லதுரை சங்கத்தில் இருந்தான். செங்கொடிச் சங்கம். கூலிக்கும் நிலத்துக்கும் தியாகராசனோடு மூன்று அறுவடையாக மோதல். "உன்னை எதுக்குக் கூப்புடுறான்? அவனுக்கு ஆளா இல்லை?" என்று கேட்டான். ஆனால் அவளுக்குப் போக வேண்டும் போலிருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ரயில் மலை ஏறும் என்று சொன்னார்கள். மலை என்ற ஒன்றையே அவள் பார்த்ததில்லை. முப்பது வயதில் ஒருத்திக்கு அப்படி ஓர் ஆசை வந்தால் அதில் என்ன தப்பு?

3

மேட்டுப்பாளையத்தில் சின்ன வண்டி நின்றது. விளையாட்டுச் சாமான் போல நீலமும் வெள்ளையும். இன்ஜின் பின்னால் இருந்தது.

"ஏம்மா, மாத்தி மாட்டிட்டாங்களா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"இது தள்ளிக்கிட்டுப் போற வண்டி" என்றாள் தியாகராசனின் மனைவி சாவித்திரி. "ஏறு."

எதிரெதிராக இரண்டு மரப்பலகைகள். ஒன்றில் சாவித்திரி உட்கார்ந்தாள். செவ்வந்தி டிரங்குப் பெட்டியை ஓரம் தள்ளிவிட்டு அதன் பக்கத்தில் தரையில் குந்தினாள். ஊரில் அம்மா இருக்கிற மட்டத்தில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. அந்த வீட்டுக்குள் பின்வாசலைத் தாண்டி ஓரடி வைத்ததும் கிடையாது.

பெட்டியின் முன்பக்கத்தில் கையில் கொடியோடு, பிரேக் பிடிக்க நின்ற பிரேக்காரர் எட்டிப் பார்த்தார். சட்டையில் லியாகத் அலி என்று பெயர் குத்தியிருந்தது. "யம்மா, கீழே உக்காரக் கூடாது. மேல போகப் போக வண்டி சாயும், பொட்டி வந்து மோதிரும். பலகையில உக்காருங்க."

செவ்வந்தி சாவித்திரியைப் பார்த்தாள். சாவித்திரி ஜன்னலைப் பார்த்தாள்.

"உங்களத்தாம்மா சொல்றேன்."

எழுந்து எதிர்ப் பலகையின் நுனியில் உட்கார்ந்தாள், கோழி குச்சியில் உட்காருகிற மாதிரி. கொடி அசைந்தது, விசில் ஊதியது, வண்டி தள்ளப்பட்டது.

(இந்த இடத்தில் ஒரு பெரிய பத்தி எழுதியிருந்தேன்: சாதியை மரப்பலகை வென்றது, ரயில்வே சமத்துவம் வாழ்க என்கிற தோரணையில். நீக்கிவிட்டேன். அவளுக்கு அப்போது முதுகு கூசியது, வேறொன்றும் இல்லை.)

4

ஆசிரியருக்காக இயற்கை வர்ணனை:

கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்பு. அதற்கப்புறம் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்பு தொடங்குகிறது. பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும் சத்தம் காலடியில் கேட்கிறது. நிலம் மெல்லச் சாய்கிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். குகைக்குள் போனதும் பிள்ளைகள் கத்துகின்றன, வெளிச்சம் வந்ததும்—

செவ்வந்தி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எட்டிப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பாறையிலிருந்து தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. கேட்பாரில்லாமல் கொட்டியது. அவள் ஊரில் இந்த மாதத்தில் வாய்க்காலில் நண்டுகூட இருக்காது. மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்று ஊரே வானொலிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும்.

"இவ்வளவு தண்ணியும் எங்கம்மா போவுது?"

"எனக்கென்ன தெரியும்."

"வரப்பே காணுமே. இந்த மலையெல்லாம் யாருதும்மா?"

சாவித்திரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைச் செவ்வந்தி கவனித்தாள். தப்பாக எதையோ கேட்டுவிட்டோம் என்று பட்டது. புதுச் சேலை கழுத்தோரம் உறுத்தியது.

5

இப்போது சாவித்திரி பேச வேண்டும். இங்கேதான் பல நாள் கதை நகராமல் நின்றது. அவள் எதற்காகச் சொல்ல வேண்டும்?

முதலில் அவளை நல்லவளாக்கிப் பார்த்தேன். "செவ்வந்தி, உனக்குத் துரோகம் நடக்கிறது, என் மனசாட்சி கேட்கவில்லை" என்று கண்கலங்கினாள். படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. பதினைந்து வருஷம் கொல்லைப்புறத்தில் நின்றவளைப் பார்த்து வராத மனசாட்சி, மலையேறியதும் வந்துவிடுமா?

அப்புறம் அவளுடைய ஆபரேஷன் நினைவுக்கு வந்தது. நான் வைத்த ஆபரேஷன்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். கோபம் கிடைத்தது. கோபம் வந்ததும் அவளுக்குக் குரல் வந்துவிட்டது.

"என்ன கேட்டே?" என்றாள் சாவித்திரி. "யாருதுன்னா? திருக்காட்டுப்பள்ளியில எங்கப்பா எனக்குன்னு குடுத்த நிலம் இருந்துச்சு. காவிரிக்கரையில. மயக்கம் தெளிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கேன், பேனாவை நீட்டுறார். உபரின்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்துட்டார். என் நிலத்தை! அவரோடது மட்டும் பத்திரமா இருக்கு, ஊர்ல உள்ள மாட்டுக்காரி பேர்லல்லாம்."

செவ்வந்திக்குப் பாதி புரிந்தது. "ஐயா அப்படிச் செய்யலாமாம்மா?"

"மாட்டுக்காரின்னா யாருன்னு நெனச்சே? நீதாண்டி. வடக்குவெளியில அஞ்சு ஏக்கர் உன் பேர்ல இருக்கு. குடும்ப அட்டைக்குன்னு சொல்லிக் கைநாட்டு வாங்கினாரே, அது."

வண்டி ஒரு பாலத்தில் ஏறியது. கீழே பள்ளம். செவ்வந்தி கம்பியை விடவில்லை.

"நாளன்னிக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ., வயலுக்கு வரார், உண்மையிலேயே உன்னுதான்னு விசாரிக்க. உன் புருஷன் சங்கத்துக்காரன். நீ என்னத்தைச் சொல்லுவியோன்னு பயம். அதான் உன்னை என்கூட ஏத்திவிட்டார்."

"நான் இல்லாட்டி யாரும்மா சொல்லுவா?"

"ராமாயி. நான்தான் செவ்வந்தின்னு நிப்பா. சொல்லிக் குடுத்தாச்சு."

சொல்லி முடித்ததும் சாவித்திரியின் முகத்தில் நிறைவும் இல்லை, நிம்மதியும் இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்தாள். "நான் சொன்னேன்னு சொல்லிறாதே" என்றாள்.

6

ராமாயி செவ்வந்தியின் அடுத்த குடிசை. புருஷன் செத்த பிறகு தியாகராசன் வீட்டுக் களத்தைக் கூட்டிப் பிழைப்பவள். அவள் மீது செவ்வந்திக்குக் கோபம் வரவில்லை. ஆனால் தன் வயலில், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு, வேறொருத்தி நிற்கப் போகிறாள். தான் இங்கே அருவி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சேலைக்கு இதுதான் அர்த்தமா? உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள்.

"நிக்கக் கூடாதும்மா, வளைவு!" என்று பிரேக்காரர் கத்தினார்.

ஹில்குரோவில் வண்டி தண்ணீருக்கு நின்றது. எதிர்த் தண்டவாளத்தில் மேலிருந்து இறங்கி வந்த வண்டி நின்றுகொண்டிருந்தது.*

* (அந்த வருஷம் அந்த நேரத்தில் அப்படி ஒரு வண்டி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கோடைக்கு விட்ட கூடுதல் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் விவரம் தெரிந்தவர்கள் என்னைத் திட்டலாம். அவளை ஊருக்கு அனுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.)

"அந்த வண்டி கீழதானேம்மா போவுது?"

"செவ்வந்தி, உக்காரு."

"பொட்டியை ஊட்டியில இறக்கக் கூலி ஆளு இருப்பாங்களாம்மா?"

"பைத்தியமா உனக்கு? திருச்சியில மாறத் தெரியுமா? என்னைத் தனியா விட்டுட்டு—"

செவ்வந்தி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் போ என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் சாவித்திரி நினைத்தாள். அப்படி இல்லை. இறங்கக் கால் வரவில்லை. மலையின் மீதி இன்னும் மேலே இருந்தது. யூகலிப்டஸ் வாசம் அங்கே வரும் என்றும், ஊட்டியில் ஒரு ஏரி இருக்கிறது என்றும் ஈரோட்டில் யாரோ பேசியது காதில் விழுந்திருந்தது. பார்த்துவிட்டுப் போனால் என்ன என்று ஒரு நொடி, உண்மையாகவே ஒரு நொடி, நினைத்தாள்.

பிறகு இறங்கினாள். ஜல்லியில் கால் சறுக்கியது. பின்னாலிருந்து சாவித்திரி கூப்பிட்டாள். திரும்பினால் ஜன்னல் வழியாக ஒரு கை. கையில் இடுப்பிலிருந்து உருவிய சுருக்குப்பை. பிரித்துக்கூடப் பார்க்காமல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பிடி. டிக்கெட் இல்லாம மாட்டிக்கப் போறே" என்றாள். குரலில் அன்பு என்று சொல்லிவிட முடியாது; எரிச்சல்தான் இருந்தது. ஆனால் கை நீட்டியபடியே இருந்தது.

7

வாசகரே, இங்கே நான் மூன்று முடிவுகளை எழுதிக் கிழித்திருக்கிறேன். ஒன்றில் அவள் திருச்சியில் தவறான ரயிலில் ஏறி மதுரை போய்விடுகிறாள். அது என் சோம்பேறித்தனம். ஒன்றில் வந்து சேர்வதற்குள் விசாரணை முடிந்துவிடுகிறது, அழுகைக்காக எழுதியது. மூன்றாவதில் ஒரு வீரவசனம். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வந்து சேர்ந்தாள். முகம் கழுவாமல், தலை கலைந்து, ஸ்டேஷனிலிருந்து குறுக்கு வழியாக வடக்குவெளிக்கு நடந்தாள். கோடை வயல் வெடித்துக் கிடந்தது. தூரத்தில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே ஆர்.ஐ., பக்கத்தில் கணக்குப்பிள்ளை, தியாகராசன், தலை குனிந்து ராமாயி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செல்லதுரையும் சங்கத்து ஆட்களும். அவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: பினாமி என்று தெரிந்தால் அந்த ஐந்து ஏக்கர் உபரியாகும், தங்கள் தெரு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்.

"உன் பேரு என்னம்மா?" என்று ஆர்.ஐ. கேட்டார்.

"செவ்வந்திங்க" என்றாள் ராமாயி.

"செவ்வந்தி நாந்தாங்க" என்று வரப்பிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். ராமாயி ஓரடி பின்னால் போனாள்.

"அப்ப இது யாரு?"

செவ்வந்தி ராமாயியைப் பார்த்தாள். "எங்க ராமாயிங்க. நான் வெளியூரு போயிருந்தேன். ஆபீசர் வராங்கன்னு பயந்து என் பேரைச் சொல்லிருச்சு. அதை ஒண்ணும் பண்ணிறாதீங்க."

ஆர்.ஐ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இந்த நிலம் யாருது? பயப்படாம சொல்லு. ஐயாவுதுன்னா ஐயாவுதுன்னு சொல்லு."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செல்லதுரை முன்னால் ஓரடி வந்தான். சொல்லு என்று அவன் கண் சொன்னது. இந்தப் பக்கம் தியாகராசன் மேல்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அவளுடைய ஒரு சொல் தேவைப்பட்டது. இரண்டும் வேறு வேறு சொல்.

"என்னுதுங்க" என்றாள் செவ்வந்தி.

செல்லதுரையின் முகம் கறுத்தது. தியாகராசன் மூச்சு விட்டார். ஆர்.ஐ. எழுதினார், கைநாட்டு வாங்கினார், குடையோடு போனார்.

"கெட்டிக்காரிடி நீ" என்று தியாகராசன் சிரித்தார். "நான்தான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன். போ, போய்க் குளிச்சுட்டுத் தொழுவத்தைப் பாரு. அம்மாகிட்ட நாளைக்கே திரும்ப அனுப்பி வைக்கிறேன்."

செவ்வந்தி போகவில்லை. வரப்பிலிருந்து இறங்கி, வெடிப்பைத் தாண்டித் தாண்டி வயலின் நடுவுக்கு நடந்தாள். அங்கே உட்கார்ந்தாள், நன்றாகச் சம்மணம் போட்டு.

"என்னடி இது?"

"நீங்க போங்கய்யா. நான் என் வயல்ல இருக்கேன்."

8

முதலில் தியாகராசன் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. ஆர்.ஐ. போன பாதையைப் பார்த்தார். கூப்பிட்டு என்ன சொல்வது? அவளுடையது இல்லை என்றா? விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தார். ஆள் திரட்டப் போகிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ராமாயி மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் வரப்பிலேயே நின்றாள்.

செல்லதுரை வாய்க்காலைத் தாண்டி வரப்புக்கு வந்தான்.

"தெருவுக்கு வர வேண்டிய நிலம்டி. அவனுக்கு வேண்டியதையே சொல்லிட்டியே!"

"தெருவுக்கு வந்திருந்தா யார் பேர்ல பட்டா போடுவாங்க?"

"நம்ம பேர்லதான்."

"நம்மன்னா?"

அவன் திரும்பி வாய்க்காலைப் பார்த்தான். பின்னால் சங்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தோழர், இது தனி ஆள் விவகாரமாப் போச்சே" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"நான் எல்லாருக்குந்தான் வச்சிருக்கேன்" என்றாள் செவ்வந்தி. "கூடி உழுவோம், கூடித் திம்போம். ஆனா என் பேர்ல இருக்கட்டும். நீ வரியா, அந்தப் பக்கமே நிக்கிறியா? அதைச் சொல்லு."

அவள் சொன்னதை அவன் நம்பலாமா? எனக்கே தெரியவில்லை. கூடி உழுவோம் என்றது அந்த நிமிஷத்துப் பயத்தில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம். அவளுக்குள் புகுந்து பார்க்க முயன்றேன். வெயில் மட்டும் தெரிந்தது, தொண்டை வறட்சி தெரிந்தது. நிலம் கிடைத்த சந்தோஷம் தேடியும் கிடைக்கவில்லை.

செல்லதுரை இறங்கினால் சங்கம் இறங்கும். சங்கம் இறங்கினால் போலீஸ் வரும், அந்த வருஷங்களில் வயல்களில் நடந்த அடிதடியும் கொலையும் இங்கேயும் நடக்கலாம். இறங்காவிட்டால் அவள் தனி. சாயங்காலத்துக்குள் இழுத்து வெளியே போட்டுவிடுவார்கள். அமிர்தலிங்கத்தைத் தேடிக் குன்னூருக்குப் போகலாம்தான். போனால் நடந்ததைச் சொல்லிவிடுவார். அதற்குப் பயந்துதான் இன்னும் போகாமல் இருக்கிறேன்.

வண்டிப்பாதையில் புழுதி தெரிகிறது. கம்போடு பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், முன்னால் தியாகராசன். ராமாயி வரப்பிலிருந்து இறங்கிவிட்டாள். செவ்வந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை நான் அனுப்பவில்லை, அவளாகப் போனாள். செல்லதுரை இன்னும் வரப்பில் நிற்கிறான். நீங்கள் அவனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். புழுதி நெருங்கிவிட்டது, அவனிடம் ஏதாவது சொல்லுங்கள்.